மூக்குக் கண்ணாடியில் ஆவி படியாதிருக்க

மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் தாம்பரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பாலும் கீரையும் ஏற்றி வருவோர், பனிக்கு அஞ்சி மூக்கையும் வாயையும் துண்டால் மூடிக்கொள்வர். கண்ணாடி அணிந்தோருக்கு இதனால் பார்வை மங்குகிறது. நெடுஞ்சாலையில் இஃது ஆபத்தாகும். 1928-இல் தொடங்கப்பெற்ற தாம்பரம் காசநோய் மருத்துவமனைக்குச் செல்வோர், இத்தொல்லை பொறாது முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டால் நோய் பரவவும் இடமுண்டாகும்.

காரணம் எளிது. மூச்சுக் காற்று வெப்பமும் ஈரமும் உடையது. அது துணியின் மேல்விளிம்பு வழியே எழுந்து, குளிர்ந்த கண்ணாடியில் நுண்துளிகளாகப் படிகிறது. குளிர்நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இவ்வாறே.

ஆகவே முதலில் மேல்வழியை அடைத்தல் வேண்டும். துணியின் மேல்விளிம்பை இருமுறை மடித்து மூக்கின்மீது படியச் செய்து, அதன்மேல் கண்ணாடியை அமர்த்துக. முகக்கவசமாயின் அதிலுள்ள கம்பியை மூக்கோடு அழுத்துக.

அடுத்து, கண்ணாடியைச் சவுக்கார நீரில் கழுவி, உதறி, காற்றில் உலரவிடுக. எஞ்சும் மெல்லிய படலம், நீர் துளியாகத் திரளாமல் பரவச் செய்யும். இங்கிலாந்து அறுவை மருத்துவக் கல்லூரியின் இதழ் 2011-இல் இம்முறையை வெளியிட்டது. தூசி படிந்த கண்ணாடியை உலர்துணியால் தேய்த்தல் கூடாது, கீறல் விழும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனை ஊர்க் கூட்டத்தில் செய்து காட்டலாம். ஒரு செம்பு நீரும் சிறிது சவுக்காரமும் போதும்.