பட்டத்தைத் தின்ற வெள்ளை வானம்



போன வாரம் என் அக்கா மகள் பழைய கைப்பேசி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மாமா, பட்டத்தைக் காணோம்!"

"அறுந்து போச்சா?"

"இல்லை மாமா, போட்டோவுல காணோம்!"

வாங்கிப் பார்த்தேன். திறந்த வாசல் கதவை ஒட்டி, கட்டிலில் அவளுடைய பாட்டி, அதாவது என் அம்மா. முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. ஆனால் கதவுக்கு வெளியே வானம் முழுக்க சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. அவள் அண்ணன் விட்ட மஞ்சள் பட்டம் அதற்குள் கரைந்தே போயிருந்தது.

"என் கண்ணுக்குத் தெரிஞ்சுதே! காமிராவுக்கு மட்டும் ஏன் தெரியலை?"

சபாஷ்! இப்படிக் கேட்கிற பிள்ளைக்கு ஒரு மாம்பழம் கூடுதலாகவே கொடுக்கலாம்.

உன் கண் கெட்டிக்காரக் கண். பாட்டியைப் பார்க்கும்போது கண்மணி விரியும். வானத்தைப் பார்த்ததும் சுருங்கிக்கொள்ளும். இரண்டையும் மூளை ஒட்டிவைத்துவிடும். காமிராவோ வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் சேர்த்து ஒரே அளவு நேரம்தான் கண் திறக்கிறது.

இப்போது ஒரு காட்சியை நினைத்துக்கொள். மழை பெய்கிறது. முற்றம் நிறைய டம்ளர்களை வரிசையாக வைத்திருக்கிறாய். காமிராவுக்குள் இருக்கும் சென்சாரும் அப்படித்தான். அதில் லட்சக்கணக்கான குட்டி டம்ளர்கள். அங்கே பெய்வது ஒளி மழை. எந்த டம்ளரில் எவ்வளவு சேர்ந்தது என்று காமிரா ஒரு எண் எழுதும். ஒன்றுமே விழாவிட்டால் 0, அது கறுப்பு. நிரம்பிவிட்டால் 255, அது வெள்ளை. ஆக மொத்தம் 256 படிகள். (உண்மையில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. இன்றைக்கு ஒன்று போதும், தலை சுற்ற வேண்டாம்.)

புரிகிறதா? சரி, ஒரு கேள்வி. நிரம்பி வழிகிற டம்ளரைப் பார்த்து, மொத்தம் எவ்வளவு மழை பெய்தது என்று சொல்ல முடியுமா?

முடியாது! வழிந்தது வழிந்ததுதான்.

பட்டத்துக்கு நடந்தது அதுவே. அவள் திரையில் பாட்டி முகத்தைத் தொட்டுவிட்டுப் படம் எடுத்தாள். முகத்துக்குப் போதுமான ஒளி சேரும்வரை காமிரா காத்திருந்தது. அதற்குள் வானத்து டம்ளரும் வழிந்தது, பட்டத்து டம்ளரும் வழிந்தது. வானம் 255, பட்டமும் 255. ஒரே எண் என்றால் எது வானம், எது பட்டம்?

படம் திருத்தும் செயலியில் 'ஹைலைட்ஸ்' என்று ஒரு பட்டை இருக்கும். படத்தின் வெளிச்சமான பகுதிகளை மட்டும் கூட்டிக் குறைப்பது அது. அவளும் அதைக் கீழே இழுத்துப் பார்த்தாள். வெள்ளைச் சுவர் சாம்பல் சுவர் ஆனது, அவ்வளவுதான். வானம் 250, பட்டம் 235 என்று கொஞ்சமாவது வித்தியாசம் இருந்திருந்தால், அந்தப் பட்டை இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கும்.

"அப்போ நாளைக்கு வானத்தைத் தொட்டு எடு. பாட்டி இருட்டாகட்டும், பரவாயில்லை" என்றேன்.

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். நியாயம்தான்.

இருட்டு டம்ளர் காலி டம்ளர் இல்லை கண்ணா. அடியில் சில சொட்டுகள் கிடக்கும். 'ஷேடோஸ்' என்ற பட்டையை ஏற்றினால், நிழலில் இருக்கும் எண்கள் மட்டும் பெரிதாகும். 30 என்பது 70 ஆகும். 240 கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். 'பிரைட்னஸ்' அப்படியில்லை, அது எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிவிடும்.

ஆனால் ஒரு வில்லங்கம் உண்டு. தூறலில் இரண்டு டம்ளரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ஒன்றில் மூன்று சொட்டு விழும், மற்றதில் ஐந்து. நிழலைப் பெரிதாக்கும்போது இந்த ஏற்றத்தாழ்வும் சேர்ந்து பெரிதாகும். படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தெரியும். அதற்கு 'நாய்ஸ்' என்று பெயர். சத்தமே போடாத சத்தம்!

இந்தத் தொல்லை இன்று நேற்றையது அல்ல. 1850-களில் பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே கடலைப் படம் பிடித்தார். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளில் கடல் தெளிவாக விழுந்தால் மேகம் வெளுத்துப்போகும். அவர் என்ன செய்தார் தெரியுமா? வானத்துக்கு ஒரு தகடு, கடலுக்கு ஒரு தகடு என்று எடுத்து, இரண்டையும் தொடுவானத்தில் ஒட்டி ஒரே படமாக அச்சிட்டார். இன்றைய கைப்பேசியில் 'எச்.டி.ஆர்.' செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். பல படங்களைச் சட்டென்று எடுத்து, நல்ல பகுதிகளைக் கோத்துவிடும். நம் பழைய கைப்பேசியில் அது இல்லை. நல்லதாகப் போயிற்று, இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது!

மறுநாள் அவள் இரண்டடி பின்னால் தள்ளி நின்று, வானத்தைத் தொட்டு எடுத்தாள். பட்டம் மஞ்சளாக விழுந்தது, வாலோடு! பாட்டிதான் கரித்துண்டு.

ஷேடோஸை மெல்ல ஏற்றினோம். மூக்குத்தி வந்தது. கன்னச் சுருக்கம் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் கடைசிவரை தள்ளிவிட்டாள். நிழலே இல்லாமல் முகம் தட்டையாகி, மாவில் புரட்டியது போல ஆனது.

"யாருடி எனக்கு இவ்வளவு பவுடர் அடிச்சது?" என்றார் பாட்டி.

சிரித்துக்கொண்டே பட்டையைக் குறைக்கப் போனவளின் கையைப் பாட்டி பிடித்துக்கொண்டார். திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கட்டிலுக்கு அடியில் மணல் மணலாகத் தெரிந்த மூலையை உற்றுப் பார்த்தார்.

"அடியே, இரண்டு நாளாத் தேடுறேன்... அதோ கிடக்கு பாரு என் பாக்குவெட்டி!"