அடுத்த வீட்டுக்கு வந்த திகில்

அமெரிக்கத் திகில் கதையின் முதல் பெரிய பெயர் எட்கர் ஆலன் போ (1809–1849). பேயைவிடப் பேதலித்த மனமே அவருக்கு முக்கியம். 1843இல் வந்த ‘தி டெல்-டேல் ஹார்ட்’ கதையில், தரைப்பலகைக்கு அடியில் பிணத்தின் இதயம் துடிப்பதாகக் கேட்டே கொலைகாரன் உண்மையைக் கக்கிவிடுகிறான். பின்னாளில் எச். பி. லவ்கிராஃப்ட், மனிதரைப் பொருட்டாகவே கருதாத பிரபஞ்ச சக்திகளை எழுதினார். கற்பனை அபாரம், நடைதான் கனம்.

திகிலை அடுத்த வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஷெர்லி ஜாக்சன். 1948 ஜூனில் ‘நியூ யார்க்கர்’ வெளியிட்ட ‘தி லாட்டரி’யில் ஊரார் கறுப்புப் பெட்டியிலிருந்து சீட்டு எடுக்கிறார்கள்; சிறுவர்கள் கல் பொறுக்கிக் குவிக்கிறார்கள். கரும்புள்ளிச் சீட்டு வந்தவரை ஊரே கல்லால் அடிக்கிறது. பேயுமில்லை, பிசாசுமில்லை. குழப்பமும் கோபமுமாக வந்த கடிதங்கள் 300ஐத் தாண்டின. அவருடைய ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ (1959) நாவலை மிஞ்சிய பேய்வீட்டுக் கதை அரிது.

ஐரா லெவினின் ‘ரோஸ்மேரிஸ் பேபி’ (1967), வில்லியம் பீட்டர் பிளாட்டியின் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1971) இரண்டும் விற்பனையில் சக்கைப்போடு போட்டன. அந்த அலையில் வந்தவர் மெய்ன் மாநிலத்து ஸ்டீபன் கிங். ‘கேரி’யின் முதல் பக்கங்களை அவர் குப்பைக்கூடையில் போட்டுவிட, மனைவி டபிதா எடுத்துப் படித்துத் தொடரச் சொன்னார். 1974இல் நாவல் வெளியானது. குடி, வேலையிழப்பு போன்ற குடும்பக் கவலைகளோடு அமானுஷ்யத்தைப் பிசைவது அவர் கைவண்ணம். ‘தி ஷைனிங்’ (1977) அதற்குச் சான்று. வளவளவென்று நீட்டிவிடுவதும் உண்டு.

திகிலை இலக்கியத்துக்கு வெளியே நிறுத்தியவர்களுக்கு டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) தக்க பதில். அடிமைமுறையின் கொடுமையை, தாயே கொன்ற குழந்தையின் ஆவி வழியே சொன்ன அந்த நாவல் 1988இல் புலிட்சர் பரிசு பெற்றது.