சைக்கிளுக்கு மோட்டர் பூட்டலாமா?

"பாதர், முழங்கால் ஏலாமல் போச்சுது. மணலுக்குள்ளே உருட்டிறதிலேயே காலமை முடிஞ்சு போகுது. பெரிய ரயர் சைக்கிள் வாங்கி மோட்டர் பூட்டலாமெண்டு பேரன் சொல்லுறான். கடன் எடுத்துப் பூட்டட்டோ?" என்று அண்மையில் ஒரு பெரியவர் எம்மிடம் கேட்டார். இடம்பெயர்ந்து உறவினர் காணியில் கொட்டில் போட்டிருக்கும் அவர், குத்தகைக்குச் செய்யும் தோட்டம் ஆறு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. அதில் இரண்டு கிலோமீற்றர் வெறும் மணல். இதே கேள்வியை வேறு பலரும் கேட்பதால், இங்கு சற்று விரிவாகவே விடை கூற முனைகின்றோம்.

சைக்கிளைப் பற்றி எமது மக்களுக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோலும் இல்லை, பற்றரியும் இல்லை. விறகும் மரக்கறியும் நோயாளியும் சைக்கிளிலேயே போயின. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் பெயர்ந்தபோது வீட்டின் மிச்சமெல்லாம் சைக்கிள் கரியரில்தான் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டதையும் மறந்திருக்கமாட்டீர்கள். அன்று சைக்கிள் எமக்கு மின்சாரம் தந்தது. இன்று மின்சாரம் சைக்கிளை இழுக்குமா என்று கேட்கிறோம். 2022 இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற பின்னர் இக்கேள்வி இன்னும் கூடியிருக்கிறது.

முதலில் ரயரைப் பார்ப்போம். நான்கு அங்குல அகலமுள்ள ரயர்கள் பனி கொட்டும் அலஸ்காவில் வளர்ந்தவை. 1987 இல் அங்கு பனிப்பாதையில் சைக்கிள் ஓட்டப்போட்டி தொடங்கியபோது, ஓடியவர்கள் அகன்ற ரிம்களைத் தாமே செய்து பார்த்தார்கள். 2005 இல் சேர்லி என்ற அமெரிக்கக் கம்பனி இத்தகைய சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவந்தது. பனியில் புதையாதது மணலிலும் புதையாது என்பதே விடயம்.

ஏன் புதைவதில்லை? ஓட்டுபவரும் ஒரு மூடை உரமும் ஏறிய சைக்கிளின் பின்சில்லில் ஏறக்குறைய 190 இறாத்தல் பாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ரயருக்கு சதுர அங்குலத்திற்கு 50 இறாத்தல் காற்று அடித்தால், அந்தப் பாரத்தை நிலத்தில் தாங்குவது நான்கு சதுர அங்குலம்கூட இல்லை. அகன்ற ரயருக்கு 12 இறாத்தல் போதும். அப்போது அதே பாரம் பதினாறு சதுர அங்குலத்தில் பரவுகிறது. சேற்று வயலில் குதிக்காற் செருப்போடு நடப்பதற்கும் பலகை போட்டு நடப்பதற்கும் உள்ள வேறுபாடே இது.

ஆனால் இந்த ரயர் எமது 28 அங்குலக் கறுப்புச் சைக்கிளின் முள்ளுக்குள் நுழையாது. முழு வண்டியையும் மாற்றவேண்டும். தார் வீதியிலோ அது பாரமாக இழுக்கும். ஆதலால் 26 அங்குலச் சில்லும் இரண்டு அங்குலத்திற்கு மேற்பட்ட ரயரும் உள்ள மலைச் சைக்கிள் பலருக்குப் போதும் என்பது எமது எண்ணம். மணலுக்கு வரும்போது காற்றைச் சிறிது இறக்கி, தாருக்கு ஏறியதும் மீண்டும் அடித்துக்கொள்ளலாம். கைப்பம்பு ஒன்று கூடவே இருக்கட்டும். அளவுக்கு மிஞ்சி இறக்கினால் கல்லில் ஏறும்போது ரிம் அழுத்தி ரியூப் இரண்டு இடத்தில் வெட்டுப்படும்.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். அகன்ற ரயர் பாதையில்லாத இடத்திலும் போகும் என்பதே அதன் பெருமை. எமது மண்ணில் அதுவே அதன் ஆபத்து. மண்டையோட்டுப் பலகை நிற்கும் காணிக்குள்ளும், நெடுங்காலம் ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்குள்ளும் குறுக்கு வழி தேடவேண்டாம். பழக்கப்பட்ட தடத்திலேயே போங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இனி மோட்டர். சில்லின் குடத்துக்குள் மோட்டர், அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் கட்டுப்பாட்டுப் பெட்டி, பற்றரி: இவையே முக்கிய உறுப்புகள். ஒரு மனிதர் தொடர்ந்து மிதிக்கும்போது 75 முதல் 100 வோற்று வரையே வலு தருவார். சாதாரண மோட்டர் 250 வோற்று தரும். அதாவது இரண்டு மூன்று பேர் சேர்ந்து மிதிப்பது போல. 36 வோல்ற்று, 10 அம்பியர்-மணி லிதியம் பற்றரி ஒன்றில் 360 வோற்று-மணி இருக்கும். அதை நிரப்ப அரை அலகு மின்சாரத்திற்கு மேல் செல்லாது. நல்ல வீதியில் சுமார் 30 கிலோமீற்றர் ஓடலாம். சுமையோடு மணலில் என்றால் பாதியும் கிடைக்காமற் போகலாம்.

மணலில் மோட்டரை மட்டும் நம்பி மெதுவாக ஊர்வதே அதைக் கெடுக்கும் வழி. சில்லு சுழலாமல் திணறும்போது மின்சாரம் கூடுதலாகப் பாய்ந்து கம்பிச்சுருள் சூடேறி எரியும். சில மோட்டர்களின் உள்ளே நைலோன் பற்சில்லுகள் உண்டு, அவையும் தேய்ந்துவிடும். காலும் சேர்ந்து மிதிக்கவேண்டும். குடம் மூழ்கும் தண்ணீருக்குள் இறக்கக்கூடாது. கடலேரி ஓரத்து உப்புத் தண்ணீர் இன்னும் கேடு.

பிறேக்கைப் பற்றி மோட்டர் விற்பவர் பேசமாட்டார். வேகம் இரட்டித்தால் நிற்பதற்கு நான்கு மடங்கு தூரம் வேண்டும். பழைய கம்பி பிறேக் மழையில் நனைந்தால் பிடிக்காது. உர மூடையோடு 25 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டியை அது நிறுத்துமென்று நம்பவேண்டாம். மோட்டரின் அச்சு முள்ளைப் பிளந்துகொண்டு திரும்பாதபடி தடுக்கும் இரும்புப் பிடியையும் பூட்டுவியுங்கள். மெல்லிய அலுமினிய முள் என்றால் முன்சில்லில் மோட்டர் பூட்டவே வேண்டாம்.

செலவில் பெரும்பங்கு பற்றரிக்கே. அது ஐந்நூறு முதல் எண்ணூறு தடவை நிரப்பியபின் சோர்ந்துவிடும். தகரக் கூரையின் கீழ் வெக்கையில் வைத்தால் அதற்கு முன்னரே சோரும். முற்றாக இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் விடக்கூடாது. ஆட்கள் நித்திரை கொள்ளும் கொட்டிலுக்குள் இரவில் நிரப்புவது மிகவும் ஆபத்து. தீப்பிடித்தால் ஓலைக் கொட்டில் தாங்காது. மலிவான ஈயப் பற்றரியும் உண்டு. ஆனால் 36 வோல்ற்றுக்கு மூன்று வேண்டும். பன்னிரண்டு கிலோ வரை பாரம்.

ஆகவே பெரியவருக்கு நாம் சொன்னது இதுதான்: கடன் எடுத்து மோட்டர் வாங்கவேண்டாம். நுண்கடன் எமது பெண்களை எந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்பதைக் கண்டிருக்கிறோம். கடன் முடியுமுன் பற்றரி முடிந்தால் இரண்டு சுமையையும் அவரே இழுக்கவேண்டும். ஒரே வழியில் தோட்டத்துக்குப் போகும் மூன்று நான்கு குடும்பங்கள் சேமிப்புக் காசில் ஒரு வண்டிக்கு மட்டும் பூட்டி, சந்தை நாட்களில் மாறி மாறிச் சுமை ஏற்றலாம். வாங்குமுன் பதிவு, அனுமதி பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளவேண்டும். பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருப்பதும் அவசியம். பேரன் அதைக் கற்றுக்கொண்டால் நல்லது.

பெரியவர் இப்போது 26 அங்குலப் பழைய சைக்கிள் ஒன்று தேடுகிறார். மோட்டர்க் கதையை வெங்காயக் காசு கைக்கு வந்தபின் பார்ப்போம் என்றார். பேரனுக்குத்தான் முகம் வாடிவிட்டது.