கொள்ளிக்கட்டையும் தலை அரிப்பும்

'கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டாற்போல' என்கிற பழமொழிக்கு விளக்கம் தேவையில்லை என்றுதான் நினைக்கிறோம். அடுப்படியில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தலை அரிக்கிறது. கைக்கு எட்டியதை எடுத்துச் சொறிகிறான். எட்டியது கொள்ளி. முடி பொசுங்குவதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 'தானே தேடிக்கொண்ட கேடு' என்று பள்ளிக்கூடத்தில் பொருள் எழுதி மார்க்கும் வாங்கியாயிற்று. ஆனால் இதை யார், யாரைப் பார்த்து, எப்போது சொல்கிறார்கள்?

பீட்டர் பெர்சிவல் 1874இல் சென்னையில் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் அகரவரிசையில், ஆங்கில மொழிபெயர்ப்போடு இருக்கின்றன. இப்படித் தொகுக்கும்போது பழமொழி தங்கிவிடுகிறது. சொன்ன வாயும் கேட்ட காதும் காணாமல் போய்விடுகின்றன. பழமொழியை அது புழங்கும் இடத்தில் வைத்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை ஒன்று வெடிக்கிறது என்று வையுங்கள். மறுநாள் பேப்பரில் 'மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு' என்று வரும். டீக்கடையில் யாராவது ஒருத்தர், "பத்து வருசமா வேல பாக்குறவளுக்கு இது தெரியாதா? கொள்ளிக்கட்டைய எடுத்துத் தலையச் சொறிஞ்சா இப்படித்தான்" என்பார். இலக்கணமாகப் பார்த்தால் 'உராய்வு ஏற்பட்டது' என்பதில் உராய்த்தவர் யாருமில்லை. அந்த ஆளில்லாத இடத்தில் செத்துப்போனவளைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறது பழமொழி. செய்தியும் பழமொழியும் சேர்ந்து ஒரே சொல்லாடலாகிவிடுகின்றன.

உராய்ந்தால் பற்றிக்கொள்வது கையின் குற்றமா, பொருளின் குணமா? 1923இல் இங்கே தீப்பெட்டித் தொழில் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊர் உராய்வை விற்றுத்தான் செழித்தது. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் சின்ன உரசலே போதும் என்பதால்தான் 1992இல் அந்தக் கலவை தடைசெய்யப்பட்டது. ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம் என்று விதிகள் எழுதப்பட்டதும், கை தவறத்தான் செய்யும், தவறினாலும் சாவு ஓர் அறையைத் தாண்டக்கூடாது என்பதால்தான். ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி என்றால் கை வேகமாகத்தான் ஓடும். தீபாவளி நெருங்க நெருங்க அறையில் ஆள் கூடும். வேலை மரத்தடிக்கும் வரும்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். காப்பாற்ற ஓடிவந்தவர்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒருவர் பெயரில் உரிமம் பெற்ற அந்த ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டுப் பலர் கையில் இருந்தது. உள்குத்தகைக்காரனும் போட்ட பணத்தை எடுக்கப் பார்ப்பான். இவ்வளவையும் ஒரு பெண்ணின் விரல் நுனியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, 'உராய்வு' என்று முடித்துக்கொள்கிறோம்.

தமிழில் 'தலையைச் சொறிவது' என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. முதலாளி முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பது என்றால் காசு கேட்க முடியாமல் கேட்பது. வானம் பார்த்த கரிசல் பூமியில் மகள் சடங்குக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ தலையைச் சொறிந்து வாங்கிய முன்பணம், மறுநாள் அவளை மருந்து அறைக்குள் உட்கார வைக்கிறது. இப்போது பழமொழியைத் திரும்ப வாசியுங்கள். அரிப்பு ஏன் வந்தது, கைக்கெட்டும் தூரத்தில் கொள்ளியைத் தவிர வேறெதுவும் ஏன் இல்லை என்கிற இரண்டு கேள்விகளையும் அது கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பு வராது. பக்தின் பேசிய திருவிழாச் சிரிப்பு கீழிருந்து மேலே பாய்வது. இந்தச் சிரிப்பு மேலிருந்து கீழே விழுகிறது.

கொள்ளியைப் பற்றி இன்னொரு பழமொழி இருக்கிறது: 'எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?' இதிலும் நையாண்டி உண்டு. ஆனால் இது கொள்ளியைப் பிடித்தாக வேண்டியவர்களின் குரல். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை விதித்த பிறகு, 'ஆலை மூடினால் பட்டினி, ஓடினால் ஆபத்து' என்று இரண்டு கொள்ளிகள் தொழிலாளி முன் நீட்டப்படுகின்றன. இந்தப் பழமொழியை 'எல்லாம் ஒன்றுதான்' என்று சலித்துக்கொள்ளவும் சொல்லலாம். நீட்டுகிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியாகவும் சொல்லலாம். கூலி முறை, உள்குத்தகை, மாற்று வேலை பற்றிய பேச்சு இரண்டாவது வாசிப்பிலிருந்துதான் தொடங்க முடியும். அடுத்த முறை 'உராய்வு' என்று பேப்பரில் படிக்கும்போது முதல் பழமொழி நம் வாயில் வராமலிருந்தால், அது ஒரு தொடக்கம்.