2.7 கி.மீ. பறக்க எவ்வளவு நேரம்?

ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று அடுத்தடுத்து இரு தீவுகள். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே தூரம் சுமார் 2.7 கி.மீ. 1967 முதல் லோகன்ஏர் நிறுவனம் இங்கே விமானம் விடுகிறது. உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமானச் சேவை இதுதான். அட்டவணைப்படி 2 நிமிடம்; மிக விரைவாகப் பறந்த சாதனை 53 விநாடி.

மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் போனால் 39 விநாடி போதுமே? போதாது. இங்கே ஓடும் சிறிய ஐலண்டர் விமானம் அந்த வேகத்தைத் தொடுவதற்குள் இறங்க வேண்டியிருக்கிறது. ஏறுவதும் இறங்குவதும்தான் மொத்தப் பயணமே.

பயண நேரத்தில் காற்றுக்கும் பங்கு உண்டு. எதிர்க்காற்றில் ஓடினால் இறக்கைமேல் பாயும் காற்றின் வேகம் கூடும். குறைந்த ஓட்டத்திலேயே விமானம் எழும்பிவிடும். அதனால் விமானிகள் காற்றை எதிர்த்தே கிளம்புவார்கள், இறங்குவார்கள். போக வேண்டிய ஊர் எதிர்த்திசையில் இருந்தால்? ஏறிய பிறகு வளைந்து திரும்பி, இறங்குமுன் மறுபடி வளைய வேண்டும். ஊர்களுக்கு இடையே தூரம் அதேதான்; பறக்கும் பாதையும் நேரமும் நீளும். நூறு பேர்கூட இல்லாத பாப்பா வெஸ்ட்ரேக்கு இந்த விமானச் சேவை வேடிக்கைச் சவாரியல்ல, அன்றாடப் போக்குவரத்து.