வங்கி கேட்கும் பழைய கணக்கு

கடன்படுவதற்கு அஞ்சாத நம்மவர் பலர், கடன்பட்ட செய்தி அயலவர் காதில் விழுமோ என்று அஞ்சுவர். குடும்ப மானத்தைக் காக்கும் நற்குணமாக இவ்வச்சம் தோன்றலாம். ஆயினும் வீடு கட்டுவதற்கு வங்கியை நாடும்போது அதுவே இடையூறாய் வந்து நிற்பதுண்டு.

முற்காலத்திற் காணியை ஈடுவைக்க விரும்பியவன் ஊரறிந்த ஒருவரிடமே சென்றான். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டளவிற் தொகுக்கப்பட்ட தேசவழமையில் ஒற்றி முறை இடம்பெற்றுள்ளது. பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பார். கடன் கேட்பவனுடைய நாணயத்தை அவன் பாட்டன் காலந்தொட்டே அவர் அறிந்திருப்பார். இன்றைய வங்கி முகாமையாளரோ நம்மைப் புதிதாகக் காண்பவர். ஆதலால் அவர் நமது கொடுகடன் அறிக்கையைக் கேட்டுப் பெறுகின்றார்.

அவ்வறிக்கையை வழங்குவது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 'கிரிப்' என்று மக்கள் சுருக்கிச் சொல்வது இதனையே. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் இது நிறுவப்பட்டது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தம்மிடம் கடன்பெற்றோர் விவரங்களை இதற்கு அனுப்புகின்றன. பெற்ற கடன், தவறிய தவணை, பிணை நின்ற கடன் யாவும் அதிற் பதிவாகும். பணியகம் எவரையும் கறுப்புப் பட்டியலில் இடுவதில்லை; கடன் கொடு என்றோ கொடாதே என்றோ சொல்வதுமில்லை. தனக்கு வந்த கணக்கை எடுத்துக் காட்டுவதோடு அதன் பணி முடிகின்றது. முடிவு செய்வது வங்கியே.

ஓர் ஆசிரியரை எண்ணிப் பார்ப்போம். சக ஆசிரியர் ஒருவர் மோட்டார் சைக்கிள் வாங்க நிதிக் கம்பனியொன்றிற் பெற்ற கடனுக்கு அவர் பிணையாகக் கையொப்பமிட்டார். நண்பர் இறுதித் தவணையையும் செலுத்திப் பற்றுச்சீட்டும் வைத்திருக்கின்றார். கம்பனியோ தண்டவட்டியும் அறவிடும் செலவும் சேர்த்து இன்னும் நிலுவை உண்டு என்கின்றது. நிலுவை அறவிடும் முகவர்களும் தொலைபேசியிற் கடிந்து பேசியதுண்டு. பின்னர் ஆசிரியர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது அந்நிலுவை அவருடைய அறிக்கையில் தலைகாட்டுகின்றது. மனைவியின் சீதனக் காணியில் அத்திவாரம் வெட்டியாயிற்று. கல்லும் மணலும் வந்து குவிந்துவிட்டன. அவர் செய்யத்தக்கது யாது?

பேசாமல் இருந்துவிடலாம் என்று சிலர் கருதுவர். அறிக்கை ஏற்கெனவே வங்கியின் மேசையில் இருப்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். மறைத்தவர் என்னும் பெயர் நிலுவையிலும் பார்க்கக் கேடானது. வேறு சிலர் வெட்கத்துக்கு அஞ்சிக் கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுவர். தொகை சிறிதாயின் அதுவும் சில வேளைகளில் அறிவுடைமையே. ஆயினும் தவணை தவறிய மாதங்களின் பதிவு, பணம் கட்டிய மறுநாளே மறைந்து போவதில்லை. அவ்வாறு கட்டுவதாயின், கணக்கு முற்றாகத் தீர்ந்தது என்னும் கடிதத்தைக் கையோடு பெற்றுக்கொள்ளல் வேண்டும். இன்னும் சிலர் பிணை கேட்ட நண்பரையும் கம்பனியையும் பழித்துப் பல பக்கங்கள் எழுதுவர். அவற்றை வாசித்து முடிக்க வங்கி அலுவலருக்கு நேரமிராது.

இங்கே நாம் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. வங்கி நீதிமன்றமன்று. நண்பர் சொல்வது மெய்யா, கம்பனி சொல்வது மெய்யா என்று தீர்ப்புக் கூறும் கடமை அதற்கில்லை. தான் கொடுக்கும் பணம் ஒழுங்காகத் திரும்பி வருமா என்பதே அதன் கேள்வி. நமது விளக்கக் கடிதம் அக்கேள்விக்கு விடையாக அமைதல் வேண்டும்.

அக்கடிதம் ஒரு பக்கத்துக்கு மேற்படலாகாது. நிறுவனத்தின் பெயர், கணக்கு இலக்கம், தொகை ஆகியவற்றை முதலிற் குறிப்பிடுக. எதை ஒப்புக்கொள்கின்றோம், எதை மறுக்கின்றோம் என்பதைப் பிரித்துக் காட்டுக. பின்வருமாறு எழுதலாம்: "இக்கடனுக்கு யான் பிணையாளி. முதலும் ஒப்பந்த வட்டியும் செலுத்தப்பட்டமைக்குரிய பற்றுச்சீட்டுப் பிரதிகள் இத்துடன் உள. அதன்பின் சேர்க்கப்பட்ட செலவை மட்டுமே யான் மறுக்கின்றேன். இதுபற்றி நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளது." நான்கே வாக்கியங்கள், நான்கிலும் குற்றச்சாட்டு ஒன்றேனும் இல்லை. ஐந்தாவதாக, பிணக்கு நமக்கு மாறாக முடிந்தாலும் அத்தொகையைச் செலுத்தும் வசதி உண்டு என்பதைச் சேமிப்புப் புத்தகத்தின் பிரதியோடு காட்டினால், வங்கியின் ஐயம் பெரிதும் நீங்கும்.

விளக்கக் கடிதம் வங்கியின் மனத்தைத் தெளிவிக்கும், பதிவைத் திருத்தாது. திருத்தத்தக்கது அதனை அனுப்பிய நிறுவனமே. ஆகவே முதல் முறைப்பாட்டை அந்நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புக. பதிவுத்தபாற் சீட்டைப் பாதுகாத்து வைத்திடுக. பணியகத்திலும் பிணக்கைத் தெரிவிக்கலாம். அது நிறுவனத்திடம் விசாரிக்குமேயன்றித் தானாக ஓர் எழுத்தையும் மாற்றாது. நிறுவனத்தின் பதில் திருப்தியளிக்காவிடின், ஒம்புட்ஸ்மன் எனப்படும் நிதித்துறைக் குறைகேள் அதிகாரியை நாடலாம். இலங்கை மத்திய வங்கி 2020ஆம் ஆண்டில் அமைத்த நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களமும் முறைப்பாடுகளை ஏற்கின்றது. நிறுவனத்திடம் முறையிட்ட பின்னரே இவ்விடங்களுக்குச் செல்வது முறையாகும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வழக்குத் தொடுப்பதற்குக் காலவரம்பு விதிக்கும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் உள்ளது. மிகப் பழைய கடனொன்றை ஒப்புக்கொண்டு, கடன் கொடுத்தவருக்குக் கையொப்பமிட்டு எழுதும் ஒரு வரி, அக்காலத்தை மீண்டும் முதலிலிருந்து எண்ணச் செய்யக்கூடும். ஆதலால் கடன் கொடுத்தவருக்கு எழுதுமுன் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையைப் பெறுதல் நலம்.

சில வேளைகளிற் கடனே நம்முடையதாயிராது. முதலெழுத்தும் பெயரும் ஒன்றாயுள்ள வேறொருவரின் கணக்கு நம் பெயரிற் பதியப்படலாம். ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அடையாள அட்டையும், பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட புதிய அட்டையும் வழங்கும் நாட்டில் இதற்கு இடமுண்டு. தம்மைப் பற்றிய அறிக்கையை எவரும் கட்டணம் செலுத்திப் பணியகத்திலிருந்து பெறலாம். அத்திவாரம் வெட்டுமுன் அதனைப் பெற்றுப் பார்க்கும் குடும்பம், கல்லும் மணலும் முற்றத்திற் கிடக்க வங்கி வாசலிற் கலங்கி நிற்க நேராது.

மாணவர்க்கும் ஒரு சொல். நாளை நீங்கள் உத்தியோகம் பெற்றதும் உங்களிடம் முதலிற் கேட்கப்படுவது பிணைக் கையொப்பமாக இருக்கலாம். நட்புக்காக இடுகின்ற அக்கையொப்பம் உங்கள் கணக்கிலும் ஏறும். இடுவதற்கு முன் பத்திரத்தை முழுவதும் வாசியுங்கள். இட்ட பின் பிரதியொன்றைக் கேட்டு வாங்குங்கள். கடன் தீர்ந்த நாளில் நண்பரிடம் இறுதிப் பற்றுச்சீட்டின் பிரதியைக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அலுமாரியில் உறங்கும் அச்சிறு தாள், ஒருநாள் உங்கள் வீட்டுக்குக் கூரை போடத் துணைநிற்கும்.