சான்றிதழோடு நின்றுவிடும் பயிற்சி

காது கேளாத குழந்தை ஒன்று வளர்ந்து தொழில் கற்பது வரை தேவைப்படும் உதவிகள் பலவும் மைசூருவுக்குள்ளேயே கிடைக்கின்றன. மானசகங்கோத்ரியில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு, கேட்டல் நிறுவனம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. பச்சிளங்குழந்தைகளின் செவித்திறன் அங்கே சோதிக்கப்படுகிறது. காதுக்கருவியும் பேச்சுப் பயிற்சியும் தரப்படுகின்றன. பள்ளிமுன் வகுப்புகளில் பிள்ளைகளோடு தாய்மாரும் உட்கார்ந்து கற்கிறார்கள். அதே நகரில் ஜே.எஸ்.எஸ். மகாவித்யாபீடம் என்ற கல்வி அமைப்பு 1991-இல் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஒரு பாலிடெக்னிக் தொடங்கியது. கணினி, மின்னணுவியல், கட்டடக்கலை, நகை வடிவமைப்பு போன்ற துறைகளில் அங்கே டிப்ளமா படிக்கலாம்.

ஊன்றிப் படிக்க நேரம் தருவதே இந்த டிப்ளமா படிப்பின் பலம். பாலிடெக்னிக் டிப்ளமாவுக்கு மூன்று ஆண்டுகள் ஆகும். மத்திய அரசின் பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் குறுகியகாலப் பயிற்சி சில நூறு மணி நேரத்தில் முடிந்துவிடும். நீண்ட படிப்பில் எல்லாரும் சேர முடியாது, குறுகிய பயிற்சிதான் பலரைச் சென்றடையும் என்ற வாதமும் உண்டு. ஆனால் சைகை மொழியில் கற்கும் மாணவருக்கு ஒவ்வொரு தொழிற்சொல்லையும் விளக்கவே கூடுதல் நேரம் வேண்டும்.

சட்டத்தில் குறையில்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசு வேலை ஒதுக்கீட்டை 3 விழுக்காட்டிலிருந்து 4 ஆக உயர்த்தியது. அதில் 1 விழுக்காடு செவித்திறன் குறைந்தோருக்கு. பொதுவான தொழிற்பயிற்சித் திட்டங்கள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க வேண்டும், அதற்கான வசதியும் தர வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. சட்டம் வருமுன்பே, 2015 மார்ச்சில் தொடங்கிய, மாற்றுத்திறனாளிகளின் திறன் மேம்பாட்டுக்கான தேசியச் செயல்திட்டம் மூன்று ஆண்டுகளில் 5 லட்சம் பேருக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தது.

கவலை அந்த இலக்கிலேயே இருக்கிறது. எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்று எண்ணும் இலக்கு, எத்தனை பேர் வேலையில் நிலைத்தார்கள் என்று காட்டுவதில்லை. 2016-இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், பயிற்சி தொடங்கியதும் மையத்துக்குக் கட்டணத்தில் 30 விழுக்காடு, சான்றிதழ் கிடைத்ததும் 50 விழுக்காடு தரப்பட்டது. வேலை கிடைத்தால் வந்தது மீதி 20 விழுக்காடுதான். ஒருவருக்கும் வேலை கிடைக்காவிட்டாலும் ஐந்தில் நான்கு பங்கு பணம் கைக்கு வந்துவிட்டது.

வேலை கிடைத்தவருக்கும் முதல் வாரத்திலேயே தடை எழுகிறது. மேற்பார்வையாளர் கன்னடத்தில் வாய்மொழியாகச் சொல்லும் உத்தரவும், இயந்திரம் பழுதானால் எழும் அபாய ஒலியும் காது கேளாதவரை எட்டுவதில்லை. மைசூரு வட்டாரத்தின் ஹெப்பால், ஹூட்டகள்ளி, நஞ்சன்கூடு தொழிற்பேட்டைகளில் வேலைக்குப் போகும் இளைஞருக்குத் தேவைப்படுவது இன்னொரு சான்றிதழ் அல்ல. சைகை மொழிபெயர்ப்பாளரும், எழுத்திலோ ஒளிவிளக்கிலோ வரும் எச்சரிக்கையும் வேண்டும். டெல்லியில் 2015-இல் நிறுவப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021-இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. சொற்கள் இருந்தால் போதாது, அவற்றைப் பணியிடத்துக்குக் கொண்டுசெல்ல ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான சம்பளம் பயிற்சிக் கணக்கில் வருவதில்லை; பெரும்பாலான முதலாளிகளும் அதைத் தங்கள் பொறுப்பாகக் கருதுவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். வேலை செய்வோராகப் பதிவானவர்கள் ஏறத்தாழ 36 விழுக்காட்டினர் மட்டுமே. இதை மாற்ற, பயிற்சிக் கட்டணத்தின் பெரும்பங்கை ஓராண்டு வேலையில் நீடித்ததற்குப் பிறகே விடுவிக்க வேண்டும். வேலையின் முதல் ஆறு மாதங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் செலவை அரசே ஏற்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் 5 விழுக்காடாவது பணியாற்றும் வகையில் தனியார் நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை தர வேண்டும் என்று உரிமைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் தொகையையும் பணியிடத்தில் செய்த வசதிகளைப் பார்த்தே வழங்க வேண்டும். பயிற்சிக்குச் செலவிடும் பணம் அப்போதுதான் மாதச் சம்பளமாகத் திரும்பும்.